ஹார்ஃபோர்டின் வயதைப் பார்த்துச் சிரிக்கும் லேக்கர்ஸ் ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை

வணக்கம், வணக்கம்! படம் ஒரு பக்கம் சாய்ந்து தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேமராவை இப்போதுதான் பூஜை அறையிலிருந்து எடுத்துவந்தேன். நேற்று, 2025 அக்டோபர் 1, ஆயுத பூஜை. கேமரா, மைக், என் பந்து, உங்களுக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த அந்தப் பச்சை நோட்டுப் புத்தகம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் இட்டு சரஸ்வதிக்கு முன்னால் வைத்துவிட்டேன். வைத்தால் விஜயதசமி காலை வரை தொடக் கூடாது, எங்கள் வீட்டில் அது கண்டிப்பு. சரியாக அந்த நாள் பார்த்துத்தான் சான் பிரான்சிஸ்கோவின் கூடைப்பந்து அணியான கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், 39 வயது அல் ஹார்ஃபோர்டோடு ஒப்பந்தம் முடிந்தது என்று அறிவிக்கிறது! சில நாட்களாகவே செய்தி கசிந்துகொண்டிருந்தது, ஆனால் கையெழுத்து நேற்றுதான். பேச வேண்டியதெல்லாம் தொண்டை வரை வந்து நிற்கிறது, கேமரா குங்குமப் பொட்டோடு உட்கார்ந்திருக்கிறது. நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சரி, இன்று காலை குளித்து, கற்பூரம் காட்டி, எடுத்துவிட்டேன். இனிப் பேசலாம்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரே வரி: நான் இருப்பது சான் பிரான்சிஸ்கோ பக்கத்து ஃப்ரீமாண்ட். நாலு பக்கமும் வாரியர்ஸ் கொடி பறக்கிற தெருவில் ஒரே லேக்கர்ஸ் (லாஸ் ஏஞ்சலஸ் அணி) வீடு என்னுடையது. ஆகவே வாரியர்ஸ் யாரைச் சேர்த்தாலும் முதலில் எனக்குத்தான் வயிற்றைக் கலக்கும். இந்த முறை உண்மையாகவே கலக்குகிறது. ஆனால் நான் இன்று கோபமாக இருப்பது வாரியர்ஸ் மேல் இல்லை. நம் ஆட்கள் மேல்!

நேற்று மாலை சான் ஹோசேயில் மச்சான் வீட்டுக் கொலு. சுண்டல் கையில் வந்ததுமே பேச்சு ஹார்ஃபோர்டுக்குப் போய்விட்டது. மச்சான் வாரியர்ஸ் பக்தர், உங்களுக்குத் தெரியும். நம் பக்கம் நாங்கள் மூன்று பேர். அதில் ஒரு நண்பர் கைப்பேசியில் கணக்குப் போட்டார். வாரியர்ஸின் ஸ்டெஃப் கரிக்கு 37, ஜிம்மி பட்லருக்கு 36, டிரேமண்ட் கிரீனுக்கு 35, இப்போது வந்திருக்கும் ஹார்ஃபோர்டுக்கு 39. மொத்தம் 147. "முதியோர் இல்லம் திறந்துவிட்டார்கள், மச்சான்" என்று சொல்லிச் சிரித்தார். இன்னொருவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சுண்டல் இறங்கவில்லை.

ஏனென்றால், லேக்கர்ஸ் ரசிகன் வயதைப் பற்றிப் பேசலாமா? நம் லெப்ரான் ஜேம்ஸுக்கு வருகிற டிசம்பர் 30 அன்று 41 ஆகிறது. 23ஆவது சீசன் ஆடப்போகிறார், இந்த என்பிஏ லீகில் இதுவரை யாரும் ஆடாத எண்ணிக்கை அது. அவருக்கு இந்த ஆண்டு 52.6 மில்லியன் டாலர் கொடுக்கிறோம், நான் அதை மனதார ஆதரிக்கிறேன். கரீம் அப்துல்-ஜபார் 38 வயதில், 1985இல், இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதை வாங்கியது எந்த அணியின் சட்டையில்? நம்முடைய சட்டையில்தான். அந்தப் படத்தை வரவேற்பறைச் சுவரில் மாட்டிவைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்காரரின் நரையை எண்ணுவது எனக்குப் பிடிக்கவில்லை. கிழம் என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. ஆடுகிறவரை ஆட்டத்தை வைத்து எடை போடுங்கள்.

என் மாமனாரும் அங்கே இருந்தார். கூடைப்பந்து பார்க்கத் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. அவர்தான் நேற்று கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டார். "ஏன் மாப்பிள்ளை, முப்பத்தொன்பது வயதில் அவர் ஓடுவாரா?" என்றார். ஓடமாட்டார், மாமா. நிற்பார். அவர் எங்கே நிற்பார் என்பதுதான் விஷயமே.

பொறுமையாகச் சொல்கிறேன். டிரேமண்ட் கிரீன் சென்டராக, அதாவது கூடைக்கு அருகே ஆடும் ஆளாக, ஆடும்போது மூன்று புள்ளிக் கோட்டுக்கு (அதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி) வெளியே அவரை யாரும் நெருங்கிக் காப்பதில்லை. எறிந்தால் எறியட்டும் என்று விட்டுவிடுவார்கள். எதிரணியின் உயரமான ஆள் நிம்மதியாகக் கூடைக்கு அடியிலேயே நின்றுகொள்வார். கரி வெட்டிக்கொண்டு உள்ளே ஓடினால் அங்கே ஒரு சுவர் காத்திருக்கும். ஹார்ஃபோர்டை அப்படி விடமுடியாது. போன சீசனில் பாஸ்டனுக்கு 60 ஆட்டம் ஆடி, மூன்று புள்ளி வீச்சில் 36 சதவீதத்துக்கு மேல் போட்டார். அதற்கு முந்தைய சீசனில் 41.9 சதவீதம், அந்த ஆண்டுதான் கோப்பையும் வாங்கினார்கள். இப்படி ஒரு சென்டர் வெளியே நின்றால் அவரைக் காக்கும் ஆளும் வெளியே வந்தே ஆகவேண்டும். வந்தால் கூடைக்கு அடியில் யாருமில்லை. வராவிட்டால் ஹார்ஃபோர்டு போடுவார். இரண்டுக்கும் நடுவில் கரி ஓடிக்கொண்டிருப்பார். இதை நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது.

இதோடு அவருக்குப் பந்தைக் கொடுக்கத் தெரியும். ஸ்கிரீன் (காப்பவரை மறித்து நிற்பது) போட்டுவிட்டு எந்தக் கணத்தில் விலகவேண்டும் என்று தெரியும். அவசரப்பட்டு பந்தை இழக்கமாட்டார். இதில் எதற்கு 22 வயதுக் கால் வேண்டும்?

அந்த வீச்சைக் கற்றுக்கொண்ட கதையையும் கேளுங்கள், எனக்கு இவரிடம் மிகவும் பிடித்தது அதுதான். 2007இல் அட்லாண்டா ஹாக்ஸ் அணிக்கு வந்தார். முதல் எட்டு சீசன்களில் மொத்தமாக 65 முறைதான் மூன்று புள்ளிக்கு எறிந்திருக்கிறார். எட்டு சீசன்! ஒன்பதாவது சீசனில், 29 வயதில், ஒரே ஆண்டில் 256 முறை எறிந்தார். முப்பதைத் தொடும் நேரத்தில் ஒருவர் தன் ஆட்டத்தையே பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டுவது சாதாரண காரியமா? இன்று 39இல் அவருக்குச் சம்பளம் வாங்கித் தருவது அன்று கற்ற அந்தக் கைதான்.

ஆ, டிக்கெட்! தலைப்பைப் பார்த்து டிக்கெட் வீடியோ இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், அதைச் சொல்லாமல் போகமாட்டேன். வருகிற ஞாயிறு, அக்டோபர் 5, சான் பிரான்சிஸ்கோ சேஸ் சென்டரில் லேக்கர்ஸுக்கும் வாரியர்ஸுக்கும் சீசனுக்கு முந்தைய ஆட்டம். செவ்வாய்க்கிழமை காலையில் மேல் அடுக்கில் ஒரு இடம் 46 டாலர். நல்ல விலை, ஆனால் இன்னும் இறங்கும் என்று காத்திருந்தேன். நேற்று ஹார்ஃபோர்டு செய்தி உறுதியானதும் அதே வரிசை, அதே இடம், 57 டாலர்! கொலுவில் உட்கார்ந்து ரகசியமாக நாலு முறை பார்த்தேன், நாலு முறையும் 57. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. ஒரு பயிற்சி ஆட்டத்துக்கு 11 டாலர் ஏற்றமா? வாங்கக்கூடாது என்று முடிவெடுத்துப் படுத்துவிட்டேன். இன்று காலை 5.50க்கு எழுந்து பார்த்தால் 44! அடுத்தடுத்து இரண்டு இடம்! அப்படியே வாங்கிவிட்டேன். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தேன், 52க்கு ஏறியிருந்தது. நான் வாங்கியது செவ்வாய் விலையைவிட இரண்டு டாலர் குறைவு. அதிகாலையில் பாருங்கள் என்று மார்ச் மாத வீடியோவிலேயே சொன்னேன் அல்லவா, அதையே திரும்பச் சொல்கிறேன்.

வாகனம் எடுத்துப்போகவில்லை. அரங்கத்தைச் சுற்றி நிறுத்தக் கேட்கிற பணத்துக்கு இன்னொரு டிக்கெட் வாங்கலாம். பார்ட் ரயிலில் போய், இறங்கி, முனி டி டிராம் வண்டி. முடிந்தது.

எங்கே விட்டேன்? மினசோட்டா. இல்லை, மினசோட்டாவுக்கு இன்னும் வரவே இல்லை. ஏப்ரல் 30 இரவு நான் போட்ட வீடியோவைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், அன்று என் குரலே எழும்பவில்லை. ஆண்டனி டேவிஸைக் கொடுத்து லூக்கா டான்சிச்சை வாங்கிய பிறகு நம்மிடம் சரியான சென்டரே இல்லை. பிளேஆஃப் என்கிற, தோற்றால் வெளியேறும் சுற்றில், கடைசி ஆட்டத்தில் மினசோட்டா மூன்று புள்ளிக்கு 47 முறை எறிந்து 7தான் போட்டது. நாற்பது தவறு! இப்படி எறிந்த அணி தோற்கவேண்டும் அல்லவா? 103-96 என்று நம்மை வென்று வீட்டுக்கு அனுப்பியது. அவர்களுடைய சென்டர் ரூடி கோபேர் 27 புள்ளி, 24 ரீபவுண்ட் (கூடையில் விழாத பந்தைப் பிடிப்பது). ஒரு சென்டர் என்ன செய்யமுடியும் என்பதை நம் வீட்டுத் தரையிலேயே காட்டினார்.

அதனால் கோடையில் டியாண்ட்ரே ஏட்டனை எடுத்தோம். 27 வயது, நல்ல உயரம், அருகிலிருந்து மிருதுவான கை. நான் வரவேற்றேன், இப்போதும் வரவேற்கிறேன். ஆனால் கூடைக்கு அடியில் இருக்கப் பிடிக்கிற ஆள் அவர். அவரை வெளியே இழுக்கிற ஒருவரை வாரியர்ஸ் கொண்டுவந்திருக்கிறார்கள். அதுவும் 5.7 மில்லியன் டாலர் அளவில்! சம்பள வரம்பைத் தாண்டி வரி கட்டும் அணிகளுக்கு லீக் விட்டுவைத்திருக்கிற சின்ன வாசல் அது. கோடை முழுக்க தங்கள் வீரர் குமிங்காவின் ஒப்பந்தம் முடியாமல் இழுத்துக்கொண்டே போனதால் மற்ற எல்லாம் நின்றது, ஒன்பது பேரை மட்டும் வைத்துக்கொண்டு செப்டம்பர் வரை உட்கார்ந்திருந்தார்கள். நானும் சந்தோஷமாக இருந்தேன். ஒரே நாளில் முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

பாஸ்டன் ஏன் விட்டது என்று மச்சானின் பையன் கேட்டான். அவர்களுடைய நட்சத்திரம் டேட்டமுக்கு மே மாதம் குதிகால் தசைநாண் அறுந்தது, வரிச்சுமை வேறு. ஹாலிடே, போர்சிங்கிஸ் எல்லோரையும் அனுப்பினார்கள். ஹார்ஃபோர்டு ஆடமுடியாமல் போனதால் விடவில்லை.

இவரை ஏற்கெனவே ஒருமுறை முடிந்துபோனவர் என்று எழுதியும் விட்டார்கள். 2019இல் ஃபிலடெல்ஃபியா 109 மில்லியன் டாலருக்கு எடுத்தது, அங்கிருந்த சென்டர் எம்பீடோடு பொருந்தவில்லை. ஒக்லஹோமா சிட்டிக்கு அனுப்பினார்கள். அங்கே 28 ஆட்டம் ஆடவைத்து, இளைஞர்களுக்கு வழிவிடச் சொல்லி உட்காரவைத்துவிட்டார்கள். 34 வயது. அடுத்த சீசனுக்கு பாஸ்டன் திரும்ப அழைத்தது. 2022 ஜூன் 2, இறுதித் தொடரின் முதல் ஆட்டம். 141 பிளேஆஃப் ஆட்டங்களுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த முதல் இறுதி. மறுநாள் 36ஆவது பிறந்தநாள். மூன்று புள்ளிக்கு எட்டு எறிந்து ஆறு போட்டார், மொத்தம் 26 புள்ளி. நாலாவது கால்பகுதியை பாஸ்டன் 40-16 என்று எடுத்தது. எங்கே தெரியுமா? நான் ஞாயிற்றுக்கிழமை போகிற அதே சேஸ் சென்டரில், இதே வாரியர்ஸுக்கு எதிராக! தொடரை வாரியர்ஸ் வென்றார்கள், ஆனால் அந்த இரவை அவர்கள் மறக்கவில்லை. அடித்தவரையே கூட்டிவந்துவிட்டார்கள்.

சட்டை எண்ணைச் சொல்ல மறந்தேன். பாஸ்டனில் 42 போட்டிருந்தார். வாரியர்ஸில் 42 நேட் தர்மண்டுக்கு உரியது, கூரையில் தொங்குகிறது, யாரும் தொடக் கூடாது. ஆகவே இங்கே 20. எண்ணைத் தேடுகிறவர்கள் குழம்பவேண்டாம்.

வயதைச் சொல்லிச் சிரித்தவர்கள் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு உறைத்தது. கணக்குப் போட்ட அந்த நண்பர், லேக்கர்ஸுக்கு வந்த ஸ்டீவ் நாஷை எடுத்துக்காட்டினார். அது வலித்தது. 2012இல் 38 வயதில் நம்மிடம் வந்தார், இரண்டாவது ஆட்டத்திலேயே போர்ட்லாந்தில் லில்லார்டோடு மோதிக் கால் எலும்பு முறிந்தது. மொத்தம் 65 ஆட்டம்தான் நமக்கு ஆடினார். கார்ல் மலோனும் அப்படித்தான், 2003இல் 40 வயதில் வந்தார், முழங்கால் போனது, பிஸ்டன்ஸிடம் இறுதித் தொடரை 4-1 என்று இழந்தோம். உடம்பு எப்போது கைவிடும் என்று யாராலும் சொல்லமுடியாது, ஒப்புக்கொள்கிறேன். அடுத்தடுத்த இரவுகளில் ஹார்ஃபோர்டை ஆடவிடமாட்டார்கள், பாஸ்டனிலும் பெரும்பாலும் விடவில்லை. 82 ஆட்டத்தில் அவர் 55 ஆடினால் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் நாஷிடமும் மலோனிடமும் நாம் கேட்டது தூக்கிச் சுமக்கச் சொல்லி. வாரியர்ஸ் இவரிடம் கேட்பது 25 நிமிடம். ராபர்ட் பாரிஷ் 43 வயதில், 1997இல், சிகாகோவோடு கோப்பை வாங்கினார். அவரிடமும் கொஞ்சம்தான் கேட்டார்கள்.

மச்சானிடம் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு. பிளேஆஃபில் லெப்ரானும் ஹார்ஃபோர்டும் ஐந்து தொடர்களில் மோதியிருக்கிறார்கள். 2009, 2015, 2016இல் அட்லாண்டா, 2017, 2018இல் பாஸ்டன். ஐந்திலும் லெப்ரான்தான்! இதைச் சொன்னபோது மச்சான் சுண்டல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஹார்ஃபோர்டு இறங்குவாரா, எத்தனை நிமிடம் என்பதெல்லாம் வாரியர்ஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் கையில். இறங்கினால் நான் பந்தைப் பார்க்கப்போவதில்லை, ஏட்டனின் கால்களைப் பார்க்கப்போகிறேன். இரண்டாவது டிக்கெட் மாமாவுக்கு. அவரிடம் பச்சை நோட்டைக் கொடுத்து ஒரே வேலை சொல்லியிருக்கிறேன். ஹார்ஃபோர்டு வெளியே நிற்கும்போது நம் சென்டர் கோடு வரை வந்தால் ஒரு கோடு போடவேண்டும், வராமல் நின்றால் ஒரு சுழி. மாமா இப்போதே பேனாவில் மை இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்துவிட்டார். அந்தப் பக்கத்தைத் திங்கட்கிழமை காலை உங்களுக்குக் காட்டுகிறேன்.