பாக் சி மைனர் பிரெலூட்: வேகத்தை பார் 28-லதான் முடிவு பண்ணணும்

வணக்கம்! நீங்க அனுப்பின ரெக்கார்டிங் எல்லாத்தையும் கேட்டாச்சு. பாக்கோட சி மைனர் பிரெலூடும் (முன்னுரை மாதிரி வர்ற துண்டு) ஃபியூகும் (ஒரே மெலடியை குரல்கள் மாறி மாறி எடுத்து வாசிக்கிற துண்டு), பாக் படைப்புப் பட்டியல்ல பிடபிள்யூவி 847, வெல்-டெம்பர்டு கிளேவியர்ங்கிற தொகுப்போட முதல் புத்தகம், 1722. நிறைய பேர் நல்லா உழைச்சிருக்கீங்க. ஆனா ஒண்ணு ரொம்ப உறுத்துது, அதைப் பேசாம மேல போக முடியாது. முதல் பார்லயே (பார்னா தாளத்தோட ஒரு கட்டம்) உச்ச வேகத்துல கிளம்பிடுறீங்க!

பிரெலூட்ல பார் 28-ல பிரெஸ்டோன்னு (ரொம்ப வேகமா) இருக்கு. 34-ல அடாஜியோ (மெதுவா), 35-ல அலெக்ரோ (வேகமா). மூணும் பாக்கே எழுதினது. இந்தப் புத்தகத்துல அவர் வேகக் குறிப்பு எழுதறதே அபூர்வம். இங்க வெறும் 38 பாருக்குள்ள மூணு தடவை எழுதியிருக்கார். தொடக்கமே பிரெஸ்டோவா ஓடினா, 28-ல எங்க போவீங்க?

அதனால தலைகீழா ஆரம்பிங்க. முதல்ல 28-லிருந்து 33 வரைக்கும் மட்டும். அங்க ஒரு கை வாசிச்சதை இன்னொரு கை துரத்திக்கிட்டே வரும். ரெண்டு கையும் தெளிவா கேக்குற அதிகபட்ச வேகம் எவ்வளவுன்னு மெட்ரோநோம்ல (தாளம் தட்டுற கருவி) பாருங்க. நிமிஷத்துக்கு 108 தட்டு வந்துச்சுன்னா, பிரெலூட் தொடக்கத்துக்கு 80, 84 போதும். 108 வரலையா, 92 வந்தா 70. மெதுவா இருக்கேன்னு பயப்படாதீங்க, பிரெஸ்டோ வர்றப்ப அந்த எகிறல் கேக்கும் பாருங்க, அதுக்காகத்தான் இவ்வளவு கத்துறேன்.

25-ல அடியில ஜி நிக்கும், 27 வரைக்கும் கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கு. அங்க வேகத்தை மெல்ல ஏத்தாதீங்க. 28 திடீர்னு வரணும்.

ஆங், விரல் சொல்ல மறந்துட்டேன் (கட்டை விரல் 1, சுண்டு விரல் 5). வலது கை முதல் எட்டு நோட்டுக்கு 5-3-2-3-1-3-2-3. இடது கைக்கு 5-1-2-1-3-1-2-1. அந்த எட்டும் பார்ல ரெண்டு தடவை வரும், 24 பார் வரைக்கும் ஏறக்குறைய அதே கதைதான். கை இறுகுதுன்னா காரணம், எட்டு நோட்டையும் ஒரே பலத்துல அடிக்கிறது. முதல் நோட்டுல மட்டும் கை எடையை வைங்க, மீதி ஏழும் லேசா. படிக்கிறப்ப ஒவ்வொரு பாரையும் ஒரே கார்டா, அதாவது நோட்டுகளை ஒண்ணாச் சேர்த்து, அமுக்கிப் பாருங்க. ஹார்மனி காதுல ஏறிட்டா தப்பு நோட்டு பாதி குறைஞ்சிடும்.

61 கீ கீபோர்டு போதுமான்னு கேட்டவங்களுக்கு: தாராளமா போதும். முதல் புத்தகம் முழுக்க நாலு ஆக்டேவுக்குள்ள அடங்கும். உங்க கீபோர்டோட இடது ஓரத்து கடைசி சி-தான் பாக்குக்கும் கடைசி.

இப்ப ஃபியூக். 31 பார், மூணு குரல், அதாவது சேர்ந்து ஓடுற மூணு மெலடி. சப்ஜெக்ட், அதாவது ஃபியூகோட மூல மெலடி, நடுக்குரல்ல தனியா வரும், மொத்தம் 20 நோட்டு. பதினாறாம் நோட்டுகளைச் (வேகமா ஓடுற குட்டி நோட்டுகள்) சேர்த்து வாசிங்க, எட்டாம் நோட்டுகளைக் (அதைவிட ரெண்டு மடங்கு நீளம்) கொஞ்சம் பிரிச்சு விடுங்க. இல்லேன்னா கொழகொழன்னு ஆயிடும், எனக்கு அது சுத்தமா பிடிக்காது.

பார் 3-ல மேல் குரல் அதே சப்ஜெக்டை வேற இடத்துல எடுத்துப் பதில் சொல்லுது. இங்கதான் பாதி பேர் நாலாவது நோட்டுல சறுக்குறீங்க. சப்ஜெக்ட் சி, பி, சி, அப்புறம் கீழ ஜி. அதை அப்படியே அஞ்சு படி தூக்கினா ஜி, எஃப் ஷார்ப், ஜி, டி. பாக் டி போடல, சி போட்டிருக்கார். முதல்ல நாலு படி இறங்கினது இங்க அஞ்சு படி. ஏன்? டி போட்டா காது உடனே ஜி மைனருக்குப் போயிடும், சி போட்டதால வீடு சி-தான்னு இன்னும் கொஞ்ச நேரம் நினைவுல நிக்குது. பென்சில்ல வட்டம் போட்டு வைங்க.

7-ல பாஸ் (அடிக்குரல்) சப்ஜெக்டோட வரும், 11-ல அது ஈ ஃபிளாட் மேஜர்ல, 20-ல திரும்ப சி மைனர்ல. நடுக்குரல் ரெண்டு கைக்கும் மாறி மாறிப் போகும். எந்த நோட்டு எந்தக் கைன்னு முன்னாடியே குறிச்சுடுங்க, மேடையில யோசிக்க நேரம் இருக்காது.

29-லிருந்து அடி சி-யை விரலாலயே பிடிங்க. சஸ்டெயின் பெடல் போட்டா மேல வர்ற கடைசி சப்ஜெக்ட் மசமசன்னு கலங்கிடும். முடிவுல ஈ நேச்சுரல், பழக்கத்துல ஈ ஃபிளாட் அமுக்கிடாதீங்க. பிரெலூட் கடைசி கார்டும் அப்படியேதான், மேஜர்.