வார்டுக்குள் உடம்பைப் பார்த்துக்கொள்வது

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் செவிலியர்களுக்கும், மேடையில் இருக்கும் மூத்தவர்களுக்கும் வணக்கம்.

மே 12 வந்தால் எல்லா நர்சிங் கல்லூரியிலும் விளக்கேற்றி, நைட்டிங்கேல் அம்மையாரின் தியாகத்தைப் பேசுவோம். அதில் ஒரு பகுதியை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுவோம். 1854 நவம்பரில் கிரிமியப் போரில் காயப்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொள்ள ஸ்கூட்டாரி மருத்துவமனைக்குப் போனபோது அவருக்கு வயது 34. ஆறே மாதத்தில், 1855 மே மாதம், கிரிமியாவின் பாலக்லாவாவில் கடும் காய்ச்சலில் விழுந்தார். 1857-க்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் பெரும்பாலும் படுக்கைதான். அது புரூசெல்லோசிஸாக, கால்நடைகளிடமிருந்து தொற்றும் பாக்டீரியா நோயாக, இருந்திருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். படுத்தபடியே அறிக்கைகள் எழுதி 90 வயது வரை வாழ்ந்தார். நமக்கு அந்த வசதி கிடையாது. நாம் படுத்தால் சம்பளப் பிடித்தம்.

அதனால் இன்று தியாகத்தைப் பேசப்போவதில்லை. விடியற்காலை நடைப்பயிற்சி செய்யுங்கள், யோகா செய்யுங்கள் என்றும் சொல்லப்போவதில்லை. பத்து மணிக்குப் போய் ஐந்து மணிக்குத் திரும்புகிறவர்களுக்கு அது சரி. உங்கள் உடம்பு கெடுவது வார்டுக்குள்ளே. அதைக் காப்பாற்றும் வேலையும் பெரும்பாலும் வார்டுக்குள்ளேயே, டியூட்டி நேரத்திலேயே நடக்க வேண்டியிருக்கிறது.

முதலில் சாப்பாடும் பாத்ரூமும். புதிதாக வந்தவர்கள் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு நேரமின்மை பாதிக் காரணம்தான். தன் பேஷண்ட்டை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்று தெரியாததும், கேட்டால் திட்டுவார்களோ என்ற பயமும் மீதிப் பாதி. "சிஸ்டர், சாப்பிடப் போகட்டுமா?" என்று பொதுவாகக் கேட்டால் "கொஞ்சம் இரும்மா" என்றுதான் பதில் வரும். கேட்கும் விதத்தை மாற்றுங்கள். "சிஸ்டர், எனக்கு இருபது நிமிஷம் வேணும். அஞ்சாம் பெட் டிரிப் இன்னும் ஒரு மணி நேரம் ஓடும். ஒன்பதாம் பெட் பி.பி. இப்பதான் பார்த்தேன், எழுதிட்டேன். பன்னிரண்டாம் பெட் பாட்டி மட்டும் எழுந்திரிக்கப் பார்ப்பாங்க, கட்டில் கம்பியை ஏத்திவிட்டிருக்கேன். ஒண்ணரைக்கு வந்துடுவேன்." இது ஒரு சின்ன ஓவர், அதாவது பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைப்பது. இப்படிச் சொல்பவரை நிறுத்திவைக்க இன்சார்ஜ் சிஸ்டருக்குக் காரணம் இருக்காது. சொன்ன நேரத்துக்குத் திரும்பி வருவதும், அவர் போகும்போது நீங்கள் அதேபோல் பார்த்துக்கொள்வதும் இதில் சேர்த்தி.

பாத்ரூமுக்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்: ஓவர் எடுக்கும் முன், நடு டியூட்டியில், ஓவர் கொடுக்கும் முன். அடக்கிக்கொள்வதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் புதியவர்களின் சிறுநீர்த் தொற்றுக்கு வழக்கமான தொடக்கம். அரை லிட்டர் பாட்டில் ஒன்றில் உங்கள் பெயரை எழுதி நர்சிங் ஸ்டேஷனில் வையுங்கள். பகல் டியூட்டிக்குள் இரண்டு முறை காலியாக வேண்டும். மாதவிடாய் நாட்களில் நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற முடியாத டியூட்டி என்றால், அது நீங்கள் வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல. ரோஸ்டர் போடுபவர் வெட்கப்பட வேண்டும்.

இனி நைட் டியூட்டி. மருத்துவமனைக்கு மருத்துவமனை நேரம் மாறும். இரவு 7 முதல் காலை 7 என்று வைத்துக்கொள்வோம். முதல் நைட் அன்று காலையில் வழக்கம்போல் எழுந்து துணி துவைத்து, கடைக்குப் போய், அப்படியே டியூட்டிக்கு வருவதுதான் பெரிய தவறு. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணிக்குப் படுங்கள். குறைந்தது ஒன்றரை மணி நேரம். தூக்கத்தின் ஒரு சுற்று ஏறக்குறைய அவ்வளவு. தூக்கம் வராவிட்டாலும் இருட்டில் கண்ணை மூடிப் படுத்திருங்கள்.

முழுச் சாப்பாட்டைக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். இரவில் இன்சுலின் பகலைப் போல வேலை செய்யாது. ஒரு மணிக்குச் சாம்பார் சாதத்தை வயிறு நிறையச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், இரண்டு மணிக்குக் கண் சொருகும், காலையில் நெஞ்செரியும். பதினோரு மணி வாக்கில் இரண்டு இட்லி அல்லது கொஞ்சம் தயிர் சாதம், பிறகு பசித்தால் சுண்டலோ வேர்க்கடலையோ ஒரு கைப்பிடி. டீ எப்போது? காஃபினில் பாதி உடம்பிலிருந்து வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். விடியற்காலை ஐந்து மணிக்குக் குடிக்கும் டீயின் காஃபின் பத்து மணிக்கும் பாதி மிச்சம் இருக்கும், நீங்கள் படுக்கையில் புரண்டுகொண்டிருப்பீர்கள். கடைசி டீ இரண்டு மணிக்குள் முடியட்டும்.

மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை உடல் வெப்பம் மிகவும் தாழ்ந்திருக்கும் வேளை. கணக்குத் தப்புவதும், லேபிள் மாறிப் படிப்பதும் அப்போதுதான். ஆறு மணி மருந்துகளின் டோஸ் கணக்கை ஒரு மணிக்கே போட்டு எழுதி வையுங்கள். மருந்தைச் சிரிஞ்சில் லோடு செய்வதை மட்டும் அதனதன் நேரத்துக்கு விடுங்கள். அந்த வேளையில் இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு எதை எடுத்தாலும் இன்னொரு ஜோடிக் கண் பார்க்க வேண்டும். முறைவைத்து ஓய்வெடுக்க அனுமதி உள்ள இடத்தில் இருபது முதல் முப்பது நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பப்படுவீர்கள். கால் மணி நேரம் தலை கனத்துக் கிடக்கும். எழுந்ததும் முகம் கழுவி வார்டை ஒரு சுற்று வந்த பிறகே ஊசியைத் தொடுங்கள்.

காலையில் ஸ்கூட்டி எடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 24 மணி நேரம் என்றால் ஏறக்குறைய 100. நம் நாட்டில் வண்டி ஓட்ட வரம்பு 30. முந்தின நாள் காலை ஆறு மணிக்கு எழுந்து, மதியம் படுக்காமல், நைட் முடித்து ஏழரைக்கு வண்டி எடுத்தால் எத்தனை மணி நேரம் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். ஊதச் சொன்னால் மாட்ட மாட்டீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். முதல் சில நைட்டுகளுக்காவது பஸ்ஸில் வாருங்கள்.

வீட்டில் பகல் தூக்கம் நம் ஊரில் ஒரு போராட்டம். கேஸ் சிலிண்டர்காரர், குக்கர் விசில், கோயில் ஒலிபெருக்கி, இவற்றோடு "பொம்பளைப் பிள்ளை பத்து மணி வரைக்கும் தூங்குது" என்று பேசும் பக்கத்து வீடு. வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி போடுங்கள். காலை வெயில் கண்ணில் பட்டால் மூளை விடிந்துவிட்டது என்று முடிவு செய்துவிடும். கனமான கறுப்புத் துணியை ஜன்னலில் கட்டுங்கள், காதுக்குப் பஞ்சோ அடைப்பானோ வையுங்கள், போனை அடுத்த அறையில் போடுங்கள். ஒரே மூச்சில் ஏழு மணி நேரம் வராவிட்டால் ஒன்பதிலிருந்து ஒன்றரை வரை ஒரு தூக்கம், மாலை நாலரைக்கு இன்னொன்று எனப் பிரித்துக்கொள்ளலாம். கடைசி நைட் முடிந்த நாளில் மட்டும் இரண்டு மூன்று மணி நேரத்தோடு எழுந்துவிடுங்கள். அன்று இரவு ஒன்பது, பத்துக்குப் படுத்தால் மறுநாளே பழைய ஒழுங்குக்கு வந்துவிடலாம்.

நைட்டை எல்லாம் சேர்த்துப் போட்டுவிட்டு மொத்தமாக லீவில் ஊருக்குப் போவது புதியவர்களுக்குப் பிடித்த ஏற்பாடு. வீட்டு நினைப்பு புரிகிறது, ஆனாலும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-லும் மறுபடி 2019-லும் இரவுப் பணியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படுபவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. நைட் போனால் புற்றுநோய் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. தொடர் நைட்டுகளின் எண்ணிக்கையை நாமே கூட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் சொல்கிறேன். ஷிஃப்ட் மாறும்போது காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிப் போகும்படி கேளுங்கள். இரவிலிருந்து மதியம், மதியத்திலிருந்து காலை என்று பின்னோக்கி வருவதைவிட உடம்பு அதை எளிதாக ஏற்கும்.

முதுகு. நோயாளியைக் கையால் தூக்குவதற்கான பாதுகாப்பான எல்லை, நல்ல சூழ்நிலையிலேயே, சுமார் 16 கிலோ என்று அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு நிறுவனத்தின் சூத்திரத்தை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். 70 கிலோ மனிதரின் ஒரு கால் மட்டுமே அதில் பெரும் பங்கைத் தின்றுவிடும். கட்டிலில் கீழே சரிந்துவிட்டவரை மேலே ஏற்றுவதில்தான் பல முதுகுகள் போகின்றன. முதலில் கட்டில் பிரேக்கைப் போடுங்கள். மூச்சுத் திணறல் போன்ற தடை இல்லையென்றால் தலைப்பக்கத்தைச் சமமாக இறக்குங்கள். கட்டிலின் உயரத்தை மாற்ற முடிந்தால் இடுப்பளவுக்கு ஏற்றுங்கள். தோளிலிருந்து இடுப்புக்குக் கீழே வரை டிரா ஷீட், அதாவது நோயாளிக்கு அடியில் குறுக்காக விரிக்கும் துணி, இருக்க வேண்டும். பக்கத்துக்கு ஒருவராக நின்று, துணியை நோயாளியின் உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, ஒரு காலை முன்வைத்து, முழங்காலை மடக்கி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றதும் உடல் எடையைத் தலைப்பக்கக் காலுக்கு மாற்றுங்கள். அவரால் முடியுமென்றால் முழங்காலை மடக்கி உந்தச் சொல்லுங்கள், பாரம் குறையும். உங்கள் கழுத்தைக் கட்டிப்பிடிக்க மட்டும் விடாதீர்கள். உயரம் மாற்ற முடியாத பழைய இரும்புக் கட்டிலில் கேனுலா போடுவதற்கும் டிரெஸ்ஸிங் செய்வதற்கும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். யார் என்ன சொன்னாலும் சரி.

கைக்கு ஒரு குறிப்பு. கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லாதபோது பெரும்பாலும் ஹேண்ட் ரப் 20 முதல் 30 வினாடி போதும். சோப்பைவிட அது தோலை அரிப்பது குறைவு. கை ஈரமாக இருக்கும்போது கிளவ்ஸ் போடுவது வெடிப்புக்கும் அரிப்புக்கும் ஒரு முக்கியக் காரணம். வாசலின் மாதிரி எண்ணெய்ப் பசைகளை டியூட்டி முடிந்த பிறகு தடவுங்கள், அவை லேட்டக்ஸ் கிளவ்ஸைக் கெடுத்துவிடும். ஷூவை மாலையில் போய் வாங்குங்கள், கால் வீங்கியிருக்கும் நேரத்து அளவுதான் உங்கள் அளவு.

சோர்வையெல்லாம் வேலைச் சோர்வு என்று தள்ளிவிடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. உங்கள் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் நீங்களும் அதில் ஒருவர். இரும்புச் சத்து மாத்திரையோடும் சாப்பாட்டோடும் டீ குடித்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

சொல்லக் கசப்பான ஒன்று, நாமே வைத்தியம் பார்த்துக்கொள்வது. இடுப்பு வலிக்குத் தோழியிடம் ஒரு டைக்ளோஃபெனாக் ஊசி, சிறுநீர் எரிச்சலுக்கு டிராலியில் இருந்து இரண்டு ஆன்டிபயாட்டிக். தண்ணீர் குடிக்காத உடம்பில் வலி மாத்திரை சிறுநீரகத்தைத்தான் முதலில் அடிக்கும். பாதிக் கோர்ஸ் ஆன்டிபயாட்டிக் என்ன செய்யும் என்பதற்குத் தேர்விலேயே பதில் எழுதியிருக்கிறீர்கள். ஓ.பி. சீட்டுப் போட்டு மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் "ஆறாம் பெட்டுக்கு அந்த ஊசி போட்டேனா?" என்று மனம் ஓடும். பாக்கெட்டில் வைத்திருக்கும் தாளில் செய்ததை அப்போதைக்கப்போது அடித்துவிடுங்கள். ஓவர் கொடுக்கும்போது அடிக்காமல் மிச்சம் இருப்பதை மட்டும் வாசியுங்கள். பிறகு அந்தத் தாளை வார்டிலேயே கிழித்துப் போட்டுவிட்டு வாருங்கள். சந்தேகம் தீரவில்லையா, ஒரு போன் போட்டுக் கேளுங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, டியூட்டி என்றாலே அழுகை வருகிறது என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம். ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பொது மருத்துவமனை வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். நாற்பது பேருக்கு ஒருவரை நிற்கவைத்துவிட்டு மன அழுத்த மேலாண்மை வகுப்பு நடத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கடைசியாக ஊசிக்குத்து. நம் கையில் ஊசி குத்துவது பெரும்பாலும் வேலை முடிந்த பிறகு: மூடி போடும்போது, ஊசியைக் கையால் கழற்றும்போது, டிரேயிலும் படுக்கை விரிப்பிலும் யாரோ விட்டுப்போனதை எடுக்கும்போது. நோயாளிக்கு ஊசி போடும் முன்பே, ஊசியை வெட்டும் ஹப் கட்டரும் கூர்முனைக் கழிவுக்கான வெள்ளைப் பெட்டியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முக்கால் பங்கு நிறைந்த பெட்டிக்குள் எதையும் திணிக்காதீர்கள். மூடி போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால் மூடியை டிரேயில் வைத்து ஒரே கையால் அள்ளுங்கள். ஊசியைக் கைக்குக் கை கொடுக்காமல் கிட்னி டிரே வழியாகக் கொடுங்கள்.

குத்திவிட்டால் கிளவ்ஸைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், ஸ்பிரிட்டோ பெட்டடைனோ பிளீச்சோ ஊற்றாதீர்கள். கண்ணில் தெறித்தால் தலையைச் சாய்த்து உட்கார்ந்து, தண்ணீரோ நார்மல் சலைனோ விட்டுக் கழுவ வேண்டும். பிறகு உடனே பொறுப்பாளரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசியால் தொற்று வரும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவு. தடுப்பு மருந்து தேவை என்று முடிவானால் முதல் வேளை இரண்டு மணி நேரத்துக்குள் போக வேண்டும். 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். தொடர் பரிசோதனைகள் முடியும் வரை இரத்த தானம் கூடாது, ஆணுறை அவசியம். திட்டுவார்களே என்று மறைத்துவிட்டுக் காலை டியூட்டி டாக்டர் வரட்டும் எனக் காத்திருந்தால் அந்த இரண்டு மணி நேரம் போய்விடும்.

எச்.ஐ.வி.யைவிட ஹெபடைடிஸ் பி எளிதாகத் தொற்றும்: தடுப்பூசி போடாதவருக்கு நூற்றில் 6 முதல் 30 வரை. 0, 1, 6 மாதங்களில் மூன்று ஊசி போட்டாயிற்று என்பதோடு நிற்காமல், மூன்றாவது ஊசிக்குப் பின் ஒன்று இரண்டு மாதத்தில் ஆன்டிபாடி அளவு பாருங்கள்; அது 10 mIU/ml அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். குறைந்தால் மறுபடி ஒரு சுற்று.

இன்று டியூட்டிக்குப் போகிறவர்கள் இன்சார்ஜ் சிஸ்டரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு ஊசி குத்தினால் அந்த எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் முதல் வேளை மாத்திரை எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது?