கல்லில் காய்த்த அன்னாசி

வணக்கம். ஸ்காட்லாந்தில் ஃபால்கர்க் நகருக்கு வடக்கே, ஏர்த் என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய மதில் தோட்டம் இருக்கிறது. டன்மோர் பிரபுக்களின் தோட்டம். அதன் வடக்கு மதிலின் நடுவே கல்லால் ஆன ஓர் அன்னாசிப் பழம் நிற்கிறது. உயரம் சுமார் 14 மீட்டர். படத்தைப் பார்த்ததும் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்தேன்.

சரி, பழத்தை விட்டுவிட்டு மதிலைப் பாருங்கள். அதன் உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். அடுப்பு மூட்டினால் சூடான காற்று அதற்குள்ளே ஓடும். மதிலை ஒட்டித் தெற்கு வெயிலைப் பார்த்தபடி கண்ணாடிக் கூடங்கள். அந்தக் குளிரில் அன்னாசி விளைந்தது அப்படித்தான். தோல் பதனிட்டு மிஞ்சிய ஓக் பட்டையைக் குழியில் கொட்டி, அது மக்கும் சூட்டில் செடித் தொட்டிகளைப் புதைப்பது அந்தக் கால வழக்கம். ஒரு பழத்துக்கு இரண்டு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். அதுவரை அடுப்பு அணையாமல் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும், நடு ராத்திரியிலும். புகை? அதை வெளியே விடும் குழாய்களை மதில்மேல் அலங்காரக் கல்ஜாடிகளாகச் செதுக்கி மறைத்துவிட்டார்கள். பிரபு அண்ணாந்து பார்த்தால் ஜாடிதான் தெரியும்.

வாசலில் 1761 என்று வெட்டியிருக்கிறது. அன்றைய பிரபு ஜான் மர்ரே. அமெரிக்காவில் அப்போது பிரிட்டிஷ் காலனியாக இருந்த வர்ஜீனியாவின் கடைசி பிரிட்டிஷ் ஆளுநர் இவர்தான். பிரிட்டனை எதிர்த்த கிளர்ச்சிக்காரர்களிடம் அடிமையாக இருப்பவர்கள் தன் படையில் சேர்ந்தால் விடுதலை என்று 1775இல் அறிவித்தார். அவரே அடிமைகளை வைத்திருந்தவர்! மறு வருஷம் அங்கிருந்து விரட்டப்பட்டார்.

கட்டடத்தை வடிவமைத்தவர் யார் என்பதற்கு ஆவணம் இல்லை. ஆனால் கைகாரர். ஒவ்வொரு கல் இலையிலும் மழைநீர் தேங்காமல் வழிந்தோடும்படி சரிவு வைத்திருக்கிறார். தேங்கினால் பனியில் உறைந்து கல்லைப் பிளந்துவிடும். பழம் இன்னும் முழுசாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கண்ணாடிக் கூடங்கள் போய்விட்டன. 1970களில் தோட்டம் ஸ்காட்லாந்தின் தேசிய அறக்கட்டளைக்கு வந்தது. பழைய கட்டடங்களைக் காக்கும் லேண்ட்மார்க் டிரஸ்ட் என்ற அமைப்பு கட்டடத்தைச் செப்பனிட்டு விடுமுறைக்கு வாடகைக்கு விட்டது. விருந்தாளிகள் தூங்கியது பழத்துக்குள் அல்ல, இரு பக்கமும் தோட்டக்காரர்கள் குடியிருந்த அறைகளில். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக வெளியே வந்துதான் நடக்க வேண்டியிருந்தது, மழை பெய்தாலும்.