கோட்டுக்குப் பின்னால் யோசனை

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

நுவரெலியாவில் கோல்ஃப் கிளப் தொடங்கியது 1889ஆம் ஆண்டு. ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில், நகரத்தை ஒட்டி, மரங்களுக்கு நடுவே ஒடுங்கி ஓடும் 18 குழிகள். கண்டிக்குக் கிழக்கே திகனப் பக்கம், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் இன்னொரு மைதானம். இங்கெல்லாம் விளையாடுகிறவர்களிடமும் அவர்களுக்குப் பை சுமக்கும் கேடிமாரிடமும் பேச்சுக் கொடுத்தால் ஒரே குறை திரும்பத் திரும்பக் காதில் விழும்: "ஆரம்பத்துல நல்லாத்தான் அடிச்சேன். பழகப் பழகத்தான் கெட்டுப்போச்சு. பந்துக்கு முன்னால நின்னா ஆயிரம் யோசன வருது, கை ஓட மாட்டேங்குது."

இன்றைய பேச்சு அவர்களுக்காக. கோல்ஃப் மட்டையையே தொடாதவர்களும் கேட்கலாம். கிரிக்கெட்டில் பந்து வீசுகிறவருக்கும் கரம் ஆடுகிறவருக்கும் இதே சிக்கல் வருவதுண்டு.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். தேர்ந்த ஆட்டக்காரர் மட்டையைப் பின்னால் தூக்க ஏறக்குறைய முக்கால் வினாடி எடுக்கிறார். அது கீழே வந்து பந்தில் படக் கால் வினாடி. மட்டையின் முகமும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். ஒன்றை உணர்ந்து அதற்கேற்பக் கையை மாற்றவே மனித உடம்புக்கு வினாடியில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். அப்படியானால், மட்டை கீழே வரும்போது "இடுப்பு திரும்பவில்லையே" என்று தோன்றினால், அந்த எண்ணம் கையை எட்டுவதற்குள் பந்து போய்விட்டிருக்கும். அடித்துக்கொண்டே அடியைத் திருத்த முடியாது. பலர் முயல்வது அதைத்தான்.

பயனில்லாத யோசனை சும்மா இருந்துவிட்டாலாவது பரவாயில்லை. அது உடம்பை இறுக்குகிறது. பத்தில் நான்கு அளவுக்கு இருக்க வேண்டிய பிடி எட்டுக்கும் ஒன்பதுக்கும் ஏறுகிறது. பிடி இறுகினால் முன்கை இறுகும். முன்கை இறுகினால் மணிக்கட்டு மடங்கி விடுபடாது, வலக்கை ஆட்டக்காரருக்கு மட்டையின் முகம் திறந்தபடி, அதாவது வலப்பக்கம் பார்த்தபடி, வந்து பந்து வலப்பக்கம் வளைந்து காட்டுக்குள் போகும். அதே இறுக்கம் தோளுக்கு ஏறினால் கை சுருங்கும், மட்டை பந்தின் உச்சந்தலையில் உரசும், பந்து தரையோடு உருளும். காலுக்கு இறங்கினால் உடல் எடை பின்காலிலேயே தங்கிவிடும், பந்துக்கு நாலு அங்குலம் முன்னதாகவே மண்ணைக் கிளறுவோம். மூன்றும் மூன்று வியாதி மாதிரித் தெரியும். ஆட்டக்காரரும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்து தேடுகிறார்: ஒன்றுக்கு நண்பரின் ஆலோசனை, ஒன்றுக்கு யூடியூப், ஒன்றுக்குப் பழைய சஞ்சிகை. மூன்று மருந்தும் தலைக்குள் ஏற, இறுக்கம் இன்னும் கூடுகிறது. நோய் ஒன்றே என்பது கண்ணில் படாமலே போய்விடுகிறது.

இந்த ஆலோசனைகளில் அதிகக் கேடு செய்வது எது என்று கேட்டால், "தலையைத் தூக்காதே" என்பதைத்தான் சொல்வேன். இந்த நாட்டில் கோல்ஃப் ஆடும் எல்லோருக்கும் யாரோ ஒருவர் இதைச் சொல்லியிருப்பார். பந்து தரையோடு உருண்டதும் பக்கத்தில் நிற்பவர் "தலையைத் தூக்கிட்டீங்க" என்பார். பெரும்பாலும் அது காரணமில்லை. கை சுருங்கியதாலோ, எடை பின்னால் நின்றதாலோதான் மட்டை உயர்ந்து வந்திருக்கும். தலை எழுந்தது அதன் விளைவு. இந்த ஆலோசனையைக் கேட்டவர் அடுத்த அடிக்கு மோவாயை நெஞ்சில் புதைத்துக்கொள்கிறார். மோவாய் நெஞ்சில் இருந்தால் இடது தோள் அதன் கீழே நுழைந்து திரும்ப வழியில்லை. பந்து போன பிறகும் தலையைக் கீழேயே வைத்திருந்தால் வலது தோள் முன்னால் வர முடியாது, எடையும் முன்காலுக்குப் போகாது. மறுபடி பந்து உருள்கிறது, மறுபடி அதே ஆலோசனை. பந்து புறப்பட்டதும் தலை உடலோடு சேர்ந்து இலக்கை நோக்கித் திரும்ப வேண்டும். திரும்ப விடுங்கள்.

இதை உளவியலாளர்கள் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1992இல் ரிச்சர்ட் மாஸ்டர்ஸ், பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் பட்டிங் அடியைப் பழகாதவர்களை இரண்டு விதமாகப் பழக்கினார். ஒரு பகுதியினருக்கு எப்படி அடிப்பது என்று விவரமான குறிப்புகள் கிடைத்தன. இன்னொரு பகுதியினருக்குக் குறிப்பே இல்லை. அடிக்கும்போது வாயால் எழுத்துகளை முன்பின்னாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் இருவருக்கும் பதற்றம் ஏற்படுகிற சூழலை உண்டாக்கினார். தடுமாறியவர்கள் குறிப்புகளை மனதில் வைத்திருந்தவர்கள்தான். 1999இல் கேப்ரியேல் வுல்ஃபும் அவருடன் இருந்தவர்களும் புதிதாகப் பழகுவோருக்குக் குட்டை அடி கற்றுக்கொடுத்தார்கள். கையின் அசைவைக் கவனித்தவர்களை விட மட்டையின் ஊசலாட்டத்தைக் கவனித்தவர்கள் துல்லியமாக அடித்தார்கள். கவனம் உடம்புக்கு உள்ளே போகப் போக ஆட்டம் கெடுகிறது. மட்டைக்கோ இலக்குக்கோ போனால் தேறுகிறது.

யோசிக்கவே கூடாது என்பதில்லை. கோல்ஃப் யோசித்து ஆட வேண்டிய ஆட்டம்தான். யோசனைக்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்பதுதான் விஷயம். பந்துக்குப் பின்னால் இரண்டு எட்டுத் தூரத்தில் தரையில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு இப்பால் எவ்வளவு வேண்டுமானாலும் யோசிக்கலாம். தாண்டிய பிறகு இலக்கு ஒன்று மட்டும்.

கோட்டுக்குப் பின்னால் என்ன செய்ய வேண்டும்? தூரம், காற்று, சரிவு மூன்றையும் பாருங்கள். மட்டையைத் தேர்ந்தெடுங்கள். இலக்கைக் குறுக்குங்கள்: "ஃபேர்வேயின் (புல்லை வெட்டி வைத்த ஆட்டப் பாதையின்) நடுப்பக்கம்" போதாது, "அந்த மூன்றாவது மரத்தின் இடது விளிம்பு" என்று வர வேண்டும். பந்துக்கு ஓரடி முன்னால், அதே நேர்கோட்டில் கிடக்கும் ஒரு இலையையோ காய்ந்த புல்லையோ குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தரம் மட்டையைச் சும்மா வீசிப் பாருங்கள். புல்லின் நுனியை உரசும் சத்தம் கேட்டால் போதும். மூச்சை மெல்ல விட்டபடி கோட்டைத் தாண்டுங்கள். மட்டையின் முகத்தை அந்த இலைக்கு நேராக வையுங்கள், அதற்கேற்பக் கால்களை வையுங்கள், இலக்கை ஒரு முறை பாருங்கள், கண் பந்துக்குத் திரும்பியதும் அடித்துவிடுங்கள். கோட்டைத் தாண்டியதிலிருந்து அடிக்கும் வரை எட்டு, பத்து வினாடிக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் அசையாமல் நின்றால் தசை இறுகத் தொடங்கிவிடும். இடையில் சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் பின்வாங்கிக் கோட்டுக்குப் பின்னால் வந்து மறுபடி தொடங்குங்கள். உங்கள் முறை வந்தபின் ஓர் அடிக்கு 40 வினாடிக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று விதிப்புத்தகம் பரிந்துரைக்கிறது. இத்தனைக்கும் அது தாராளமாகப் போதும்.

தாண்டிய பிறகும் மனம் சும்மா இருக்காது. அதற்கு ஒரு தாளம் கொடுங்கள். திருவிழாவில் தப்பு அடிப்பவரைப் பாருங்கள். எந்த விரல் எந்தக் குச்சியை எப்போது விடுகிறது என்று அவர் கணக்குப் பார்ப்பதில்லை. தாளம் மனதில் ஓட, கை தானாகப் போகிறது. மட்டை வீச்சுக்கும் ஒரு தாளம் உண்டு என்று முதலில் பார்த்தோம், மேலே மூன்று பங்கு, கீழே ஒரு பங்கு. "தகிட, தா" என்று மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். "தகிட" முடியும்போது மட்டை உச்சியில் இருக்க வேண்டும், "தா" முடியும் இடத்தில் பந்து. சின்ன அடிக்கும் பெரிய அடிக்கும் இதே தாளம்தான். வீச்சின் நீளம் மட்டும் மாறும். வீட்டு முற்றத்தில் பந்தில்லாமல் பத்து நிமிடம் பழகினாலே கை அதைப் பிடித்துக்கொள்ளும்.

மலைநாட்டு மைதானத்துக்கென்று சில கணக்குகள் உண்டு. இவையெல்லாம் கோட்டுக்குப் பின்னால் முடிய வேண்டியவை. நுவரெலியாவின் காற்று மெலிந்தது. கொழும்பில் 150 யார் போகிற அடி அங்கே ஏறக்குறைய 10 யார் கூடுதலாகப் போகும். குளிர்ந்த, ஈரமான காலை வேளையில் அதில் கொஞ்சம் குறையும். கிரீன், அதாவது குழி இருக்கும் வழுவழுப்பான புல்தரை, உங்களை விட 10 யார் உயரத்தில் இருந்தால் தூரத்தில் 10 யார் கூட்டிக்கொள்ளுங்கள். வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து பாதத்தை விட மேலே சரிவில் கிடந்தால் அது இடப்பக்கம் போகும். மட்டையை ஓர் அங்குலம் கீழே பிடித்து, இலக்கை வலப்பக்கம் தள்ளிக்கொள்ளுங்கள். பாதத்துக்குக் கீழே கிடந்தால் வலப்பக்கம் போகும். முழங்காலைக் கூடுதலாக மடக்கி, இலக்கை இடப்பக்கம் தள்ளுங்கள். ஏற்றத்தில் நிற்கும்போது பந்து உயரமாகவும் குறைந்த தூரமும் போகும்; ஓர் எண் குறைந்த மட்டை எடுங்கள் (எண் குறையக் குறையப் பந்து தூரம் போகும்), 7 அயன் என்ற இரும்பு மட்டைக்குப் பதில் 6. இறக்கத்தில் இதற்கு நேர்மாறு. தோளை எப்போதும் சரிவுக்கு இணையாக வையுங்கள். மழைக்குப் பிறகு தரை நொய்ந்திருக்கும்போது பந்தை மேலே கிளப்பிவிட வேண்டும் என்ற ஆசை வரும். வேண்டாம். 7 அயனின் முகமே சுமார் 30 பாகை சாய்ந்திருக்கிறது, தூக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். குளிரில் விரல் விறைத்தால் நம்மை அறியாமலே பிடி இறுகும், அதனால் அடிகளுக்கு நடுவே கையைச் சட்டைப் பைக்குள் வைத்திருங்கள்.

கேடியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அந்த மைதானத்தின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அவருக்குத் தெரியும். அவரிடம் "எங்கே அடிக்கலாம் அண்ணே?" என்று கேளுங்கள். "நான் எப்படி அடிச்சேன், என்ன தப்பு?" என்று கேட்க வேண்டாம். முதல் கேள்வி உங்கள் கவனத்தை இலக்குக்குக் கொண்டுபோகும், இரண்டாவது உங்கள் முழங்கைக்கு. கூட ஆடுகிறவர்கள் தரும் ஆலோசனைக்கு விதியே தடை வைத்திருக்கிறது. போட்டிச் சுற்றில் உங்கள் கேடியையோ கூட்டாளியையோ தவிர வேறு யாரிடமாவது மட்டை வீச்சைப் பற்றி ஆலோசனை கேட்டால், அடிகளை எண்ணும் ஆட்டத்தில் இரண்டு அடி தண்டம். நட்பு ஆட்டத்திலும் இதைக் கடைப்பிடிக்கலாம் என்று முதல் குழியிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்த வேண்டிய குறை இருந்தால் அதற்கான இடம் பயிற்சித் தரை. தரையில் சுண்ணாம்பாலோ குச்சியாலோ குறுக்காக ஒரு கோடு போடுங்கள். பந்து வேண்டாம். கோடு இரண்டு பாதங்களுக்கும் நடுவே வரும்படி நின்று 9 அயனை வீசுங்கள். மட்டை தரையைத் தொட்ட தடம் கோட்டின் மேலோ, இலக்குப் பக்கம் சற்றுத் தள்ளியோ இருக்க வேண்டும். பின்னால் விழுந்தால் எடை முன்காலுக்குப் போகவில்லை என்று அர்த்தம். எந்த உறுப்பையும் நினைக்காமல், தடத்தை முன்னால் நகர்த்துவது மட்டுமே வேலை என்று வைத்து இருபது தடவை வீசுங்கள். உடம்பு வழி கண்டுபிடிக்கும். அப்புறம் பந்து அடிக்கும்போது ஒரே மட்டையால் ஐம்பது அடிக்காமல், ஒவ்வோர் அடிக்கும் மட்டையையும் இலக்கையும் மாற்றுங்கள். மைதானத்தில் ஒரே அடி இரண்டு தடவை வருவதில்லையே.

இனி, ஆட்டத்தை மறுபடி ரசிக்க என்ன வழி? எண்ணுகிற முறையை மாற்றிப் பாருங்கள். ஒரு குழியில் ஒன்பது அடி எடுத்தால் மொத்தக் கணக்கும் நாசமாகும், மீதிக் குழிகளில் மனம் அதையே சுற்றும். 1932இல் இங்கிலாந்தில் டாக்டர் பிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் நடைமுறைக்குக் கொண்டுவந்த புள்ளி முறை இதற்குச் சரியான மருந்து. உங்கள் ஹாண்டிகப், அதாவது திறமைக்கேற்பக் கிடைக்கும் சலுகை அடிகள், 18 என்றால் ஒவ்வொரு குழியிலும் ஓர் அடி சலுகை. பார் 4 குழியை (நான்கு அடியில் முடிக்க வேண்டிய குழியை) ஐந்தில் முடித்தால் இரண்டு புள்ளி, ஆறில் முடித்தால் ஒன்று, நான்கில் முடித்தால் மூன்று. ஆறாவது அடியிலும் முடியாது என்று தெரிந்தால் பந்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். அந்தக் குழியின் சேதம் அங்கேயே முடிந்துவிடும்.

பையையும் இலேசாக்குங்கள். 14 மட்டைக்கு மேல் கூடாது என்றுதான் விதி. குறைவாக வைத்திருக்கத் தடையில்லை. ஐந்து மட்டைகளோடு ஒன்பது குழி ஆடிப் பாருங்கள்: 5, 7, 9 அயன்கள், மணலிலிருந்து பந்தைக் கிளப்பும் சாண்ட் வெட்ஜ் ஒன்று, குழிக்குள் உருட்டும் பட்டர் ஒன்று. 6 அயனா 7 அயனா என்ற குழப்பம் போய், 7 அயனை மெதுவாக, தாழ்வாக, வளைவாக அடித்துப் பார்க்கும் விளையாட்டுக் குணம் திரும்பி வரும். சித்திரைச் சீசன் நெரிசலில் 18 குழிக்கு அலைவதை விட, சாதாரண நாளின் மாலையில் இருவர் ஒரே பந்தை மாறி மாறி அடித்து ஒன்பது குழி ஆடுவது மேல். கூட்டாளி விட்ட இடத்திலிருந்து அடிக்க வேண்டியிருப்பதால் உங்கள் வீச்சைப் பற்றி நினைக்க நேரமே இருக்காது.

இவ்வளவும் செய்து ஒரு மாதத்துக்குப் பிறகும் பந்து ஒரே பக்கமாக வளைந்துகொண்டிருந்தால் பயிற்சியாளரிடம் போங்கள். அவரிடம் ஒரே ஒரு மாற்றத்தைக் கேளுங்கள். அதை உறுப்புகளின் பெயரால் சொல்லாமல், மட்டை எங்கே போக வேண்டும், பந்து எங்கே புறப்பட வேண்டும் என்று சொல்லித்தரச் சொல்லுங்கள். அந்த மாற்றம் கைக்குப் பழகும் வரை போட்டிகளுக்குப் பெயர் கொடுக்க வேண்டாம். யூடியூபையும் அதுவரை மூடி வையுங்கள்.

நன்றி, வணக்கம்.