கேட்டதைப் பாடிக் காட்டு

(இசை படிக்க நினைக்கும் மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

இன்று மாலை இங்கே நடந்து வரும்போது சாலையைக் கடக்க நின்றேன். பக்கத்தில் வெள்ளைக் கோலோடு ஒரு பெரியவர். பார்வையற்றோர் சங்கம் இதே பிரிக்பீல்ட்ஸில் இருப்பதால் நமக்கு இது தினமும் காணும் காட்சிதான். கார்கள் நின்றுவிட்டன. நான் காலை எடுத்து வைத்தேன், அவர் வைக்கவில்லை. தலையை லேசாக இடப்பக்கம் சாய்த்தபடி நின்றார். இரண்டு விநாடி கழித்து, நின்றிருந்த கார்களுக்கு நடுவில் நெளிந்துகொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் போனது. அப்புறம்தான் அவர் நடந்தார். அந்தச் சத்தம் என் காதிலும் விழுந்துதான் இருக்கும். ஆனால் கேட்டவர் அவர்.

கேட்பது என்றால் தமிழில் செவியால் வாங்குவது. வினவுவதும் அதே சொல்தான். அந்தப் பெரியவர் இரைச்சலிடம் ஒரு கேள்வி வைத்திருந்தார்: இன்னும் ஏதாவது நகர்கிறதா? அதனால் அவருக்குப் பதில் கிடைத்தது. இசை மாணவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் நாங்கள் சொல்லிக்கொடுப்பதில் பெரும்பங்கு இதுதான்: ஒலியிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது, வந்த பதில் சரிதானா என்று எப்படிச் சோதிப்பது.

பெற்றோர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. "பிள்ளை கிரேடு எட்டு முடிச்சிட்டா. அதுக்கு மேல யூனிவர்சிட்டியில என்ன சார் இருக்கு?" நியாயமான கேள்வி. நம் ஊரில் பியானோ, வயலின் படிக்கும் பிள்ளைகளில் நிறையப் பேர், ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற பிரிட்டிஷ் இசை வாரியம் எட்டாம் கிரேடு வரை நடத்தும் தேர்வுக்குப் போகிறவர்கள். அதில் நேரில் வாசித்துக் காட்டும் தேர்வுக்கு மொத்தம் 150 மதிப்பெண். மூன்று உருப்படிகளுக்கு 90, ஸ்கேல் என்ற ஸ்வர வரிசைகளுக்கு 21, முன்பின் பாராத தாளைப் பார்த்து வாசிப்பதற்கு 21. காதால் கேட்டுப் பதில் சொல்லும் பகுதிக்கு 18. தேறுவதற்கு 100 போதும். கணக்கு உங்களுக்கே தெரிகிறது. காதுப் பகுதியில் கோட்டைவிட்ட பிள்ளை கூட மற்றதை வைத்துக் கரையேறிவிடலாம். தேர்வைக் குறை சொல்ல நான் வரவில்லை, அது தன் வேலையைச் செய்கிறது. ஆனால் வீட்டிலும் வகுப்பிலும் நாம் 18 மதிப்பெண்ணுக்கு உரிய அக்கறையைத்தான் காதுக்குக் கொடுக்கிறோம். தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது காதுப் பயிற்சிப் புத்தகம் அலமாரியிலிருந்து இறங்குகிறது.

கர்நாடக இசை படித்து வரும் பிள்ளைகளின் கதை வேறு. குரு பாட, கேட்டுத் திருப்பிப் பாடி வளர்ந்தவர்கள். காது கூர்மையாக இருக்கும். ஆனால் அந்தக் காது பாட்டின் மேல்வரியோடு மட்டுமே நடந்து பழகியது.

நானும் அப்படித்தான். எட்டு வருஷம் வாய்ப்பாட்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். முதல் வாரமே டிக்டேஷன் வகுப்பு. பியானோவில் நாலு கார்டுகளை, அதாவது பல ஸ்வரங்களை ஒன்றாக அழுத்தும் ஒலிக்கூட்டங்களை, வாசிப்பார்கள், கேட்டு எழுத வேண்டும். மேலே நகர்ந்த ஸ்வரங்கள் நாலையும் பிசகில்லாமல் எழுதினேன். கீழே என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியவே இல்லை. தாளைத் திருப்பிக் கொடுத்த விரிவுரையாளர், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "உனக்குக் காது இல்லை, வேறு துறை பார்" என்றார். அன்று வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவில்லை.

அந்தச் சொல் தப்பு என்று இன்று என்னால் சொல்ல முடியும். காது இருந்தது. அந்த இடத்தைக் கேள் என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான். இன்னொரு ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு வேலை கொடுத்தார்: "இந்த செமஸ்டர் முழுக்க எந்தப் பாட்டைக் கேட்டாலும் பேஸை, அடியில் ஓடும் அந்தக் கீழ்வரியை மட்டும் பாடு." முதலில் முடியவே இல்லை. ரேடியோவில் பாட்டு வரும், பேஸைப் பிடிப்பேன், அடுத்த வரியில் என் குரல் தானாக மெட்டுக்குத் தாவிவிடும். மூன்றாவது வாரம், மளிகைக் கடையில் அரிசி நிறுக்கக் காத்திருந்தபோது, ரேடியோவில் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடம் வந்தது. பேஸ் ச-வுக்கு இறங்காமல் ப-வில் நின்றது. நின்றது எனக்குக் கேட்டது. அந்த இடத்தில் பாட்டு ஏன் நம்மைக் காக்க வைக்கிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது. கடைக்காரர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் பையை வாங்கினேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு விதி. என் மாணவர்களுக்கும் அதுதான். கேட்டேன் என்று சொன்னால், பாடிக் காட்டு. குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை. பாட முடியாத வரியை நீ இன்னும் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்.

இங்கே நம் பிள்ளைகளுக்குக் கையில் ஒரு சொத்து இருக்கிறது, அது தெரியாமலே வகுப்புக்கு வருகிறார்கள். சரிகமபதநி. நமக்கு ச என்பது எந்தக் கட்டையில் வைத்தாலும் ச. சுருதி மாறினாலும் ப-வுக்கும் ச-வுக்கும் உள்ள உறவு மாறாது. ஹங்கேரியின் கோடாய் முறையில் நகரும் 'டோ' என்று சொல்லிக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுப்பது இதைத்தான். ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நோட்டேஷனைப் பார்த்து மிரளும் பிள்ளையிடம், "இதில் ச எங்கே இருக்கிறது, காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். பாதி பயம் போய்விடும்.

சில வருஷத்துக்கு முன் உருமி மேளம் வாசிக்கும் பையன் ஒருவன் என் வகுப்புக்கு வந்தான். நோட்டேஷன் ஒரு வரி தெரியாது. நேர்காணலில் "உருமிதான் சார்" என்று சொல்லவே கூசினான். ஒரு நாள் தாள டிக்டேஷன். ஏழு அட்சரம், இரண்டு இரண்டு மூன்று என்று பிரித்துத் தட்டிக்கொண்டே வந்தேன். வேகத்தை மாற்றாமல், நடுவில் மூன்று இரண்டு இரண்டு என்று புரட்டினேன். பியானோ பிள்ளைகள் எல்லாரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். அவன் விரல் மட்டும் முழங்காலில் நிற்காமல் ஓடியது. "அதே ஏழுதான் சார். மூணு முன்னால வந்திருச்சு."

அவனால் அதை எழுத முடியவில்லை. அதற்கு இன்னும் ஆறு மாதம் ஆனது. எழுதக் கற்றதும் அவன் செய்த முதல் காரியம், தன் குழுவின் தைப்பூச ஒலிப்பதிவை எடுத்து வைத்துக்கொண்டு ஸ்வரம் எழுதுவது போல அடி அடியாக எழுதியது. பத்துமலை நெருங்க நெருங்க வேகம் ஏறுவது எல்லாருக்கும் தெரியும். அவன் கண்டுபிடித்தது வேறு. உருமியின் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் அந்த 'ஊம்' என்ற இழுப்பு, வேகம் ஏற ஏறச் சுருங்கி, கடைசியில் வெறும் தட்டாகிவிட்டிருந்தது. பல வருஷம் தானே வாசித்தும் அதைக் கேட்காமல் இருந்ததாகச் சொன்னான். குழுவோடு பேசி, இழுப்புக்கு இடம் விட்டு வேகத்தைக் கட்டுப்படுத்தினார்கள். இதைத்தான் நான் உயர்நிலை இசைப் பயிற்சி என்கிறேன். உருமியை விட்டுவிட்டு வேறு எதற்கோ போவதை அல்ல.

எழுதும் வேலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு நிமிட ஒலிப்பதிவு போதும். தோடி ஆலாபனையில் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் 'க' என்று ஒரே எழுத்து. காதில் விழுவது அங்கே நிற்காது; மத்யமம் வரை எட்டிப் பார்க்கும், ரிஷபத்தின் பக்கம் சாயும். மாணவர் முதலில் காதால் கேட்டு, பாடி, ஒரு கோடாக வரைய வேண்டும். அப்புறம் சோனிக் விஷுவலைசர் போன்ற இலவச மென்பொருளில் அதே இடத்தைப் போட்டு, சுருதி ஏறி இறங்கும் கோட்டைத் திரையில் பார்க்கலாம். இந்த வரிசையில் மட்டும் நான் பிடிவாதக்காரன். திரையை முதலில் பார்த்தவர் பிறகு கண்ணால்தான் கேட்பார்.

சரி, மேடையில் இந்தத் தம்புராவை ஏன் வைத்திருக்கிறேன் என்று யோசித்திருப்பீர்கள். நாலு தந்தி. ப, மேல் ச இரண்டு, கீழ் ச. காந்தாரத்துக்குத் தந்தி கிடையாது. ஆனால் சுருதி நன்றாகச் சேர்ந்து, தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற கட்டை மேல், தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவா நூல் சரியான இடத்தில் உட்கார்ந்தால், காந்தாரம் கேட்கும். கற்பனை இல்லை. மந்தரத் தந்தி நொடிக்கு 100 தடவை அதிர்கிறது என்று வைத்துக்கொண்டால், அதே தந்தியில் 200, 300, 400, 500 என்ற அதிர்வுகளும் கூடவே எழுகின்றன. 400 என்பது இரண்டு ஸ்தாயி மேலே உள்ள ச. 500 அதற்குரிய அந்தர காந்தாரம்.

அதே காந்தாரத்தைப் பியானோவில் அழுத்தினால் 500 வராது, ஏறக்குறைய 504. ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டியதன் விலை அது. இரண்டையும் சேர்த்து ஒலிக்க விட்டால் நொடிக்கு நாலு தடவை ஒலி ஏறி இறங்கும். வகுப்பில் இதைக் கேட்டதும் நம் பிள்ளைகள் சொல்வது: "பியானோ அபஸ்வரம் சார்!" உடனே பாலித் தீவின் கேமலான் என்ற உலோக வாத்தியக் குழுவின் பதிவு ஒன்றைப் போடுவேன். அங்கே வாத்தியங்களை ஜோடியாகச் செய்கிறார்கள். ஜோடியில் ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்படி வேண்டுமென்றே சுருதி வைக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் ஒலி அலையடிக்கும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஓம்பாக். மலாயில் ஓம்பாக் என்றால் அலை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த அலை இல்லாவிட்டால் அவர்களுக்கு ஒலியில் உயிர் இல்லை. ஒரு மேடையில் குற்றமாகக் கேட்பது இன்னொரு மேடையில் உயிராகக் கேட்கிறது. எந்த மேடையின் முன் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்து கேட்பதற்குப் பல்கலைக்கழகம் போல வசதியான இடம் வேறு இல்லை. ஒரே தாழ்வாரத்தில் கேமலான் அறையும் பியானோ அறையும் தபலா அறையும் இருந்தால், கதவைத் திறந்து போக வேண்டியதுதான்.

கச்சேரி பார்த்துவிட்டு வந்து "நல்லா இருந்துச்சு" என்று எழுதினால் நான் மதிப்பெண் போடுவதில்லை. எது, எந்த இடத்தில், என்ன செய்ததால் நன்றாக இருந்தது? இரட்டைக் கோபுரத்தில் 1998இல் திறந்த பெட்ரோனாஸ் ஃபில்ஹார்மோனிக் மண்டபத்துக்கு மாணவர்களை ஒரு தடவையாவது போகச் சொல்வேன். அங்கே சிம்பொனி கேட்கும்போது ஒலிபெருக்கி இல்லை. பின்வரிசையில் ஒரு வாத்தியக்காரரைத் தேர்ந்தெடுத்து, ஒரு உருப்படி முழுக்க அவர் ஒருவரையே காதால் பின்தொடர வேண்டும். நம் நிகழ்ச்சிகளில் வீணைக்கும் மைக், மிருதங்கத்துக்கும் மைக். மைக் இல்லாத வீணையை இரண்டடி தூரத்தில் கேட்காமலே வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள், இதற்காகவே கூடத் தனியாக ஒரு கூட்டம் போடலாம். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் காது தாங்கும் என்பது கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம். உருமிக்குப் பக்கத்தில், தவிலுக்குப் பக்கத்தில், ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே நம் பிள்ளைகள் எத்தனை மணி நேரம் நிற்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். செவியடைப்பான் ஒரு சின்னப் பொருள். பையில் போட்டு அனுப்புங்கள். போன காதைத் திருப்பி வாங்க முடியாது.

பேச்சு போதும். பின்னால் இருப்பவர்கள் கொஞ்சம் முன்னால் வாருங்கள். தம்பி, மின்விசிறியை நிறுத்திவிடு, மைக்கையும்தான். ஐந்து நிமிடம் மீட்டுகிறேன். முதல் இரண்டு நிமிடம் வெறும் ரீங்காரமாகத்தான் இருக்கும், அவசரப்பட வேண்டாம். கடைசித் தந்தியை மீட்டிய பிறகு வரும் இடைவெளியைக் கவனியுங்கள். காந்தாரம் கேட்கிறவர்கள் கையைத் தூக்காமல் அதை மெல்லப் பாடுங்கள்.