மானிட்டரில் கோடு தடித்துத் தெரிகிறது, ஃபில்டர் போட்டால் போதுமா?

அடுத்த கேள்வி, ஐசியூவில் பணியாற்றும் ஒரு செவிலியச் சகோதரி அனுப்பியது. "எங்கள் பிரிவில் ஒரே ஒரு படுக்கையில் மட்டும் இசிஜி கோடு கம்பளிப்பூச்சி போலத் தடித்துத் தெரிகிறது. மானிட்டரை மாற்றிப் பார்த்தோம், போகவில்லை. ஃபில்டரை (இரைச்சலை வடிகட்டும் மானிட்டர் வசதியை) போட்டால் கோடு சுத்தமாகிவிடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா சார்?"

விட்டுவிடாதீர்கள் சகோதரி. "ஒரே ஒரு படுக்கையில் மட்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது.

கோடு எப்படிக் கலங்கினாலும் முதலில் நோயாளியின் முகத்தைப் பாருங்கள், நாடியைத் தொட்டுப் பாருங்கள். ஆக்சிஜன் அளவு காட்டும் அலை ஒழுங்காக ஓடுகிறதா என்று பாருங்கள். மானிட்டரைத் திருகுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இப்போது, வந்திருப்பது மின்சார இரைச்சல்தானா, அதாவது இதயத் துடிப்போடு கலந்துவிட்ட வெளி மின்சாரத்தின் அலைதானா என்று உறுதி செய்ய வேண்டும். ஃபில்டரை அணைத்துவிட்டு, வேகத்தை நொடிக்கு 50 மில்லிமீட்டராக வைத்து ஒரு துண்டு அச்சிடுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலைகள். ஆகவே ஒரு மில்லிமீட்டர் கட்டத்துக்கு ஒரு முகடு என்று, சீப்புப் பல் போல ஒரே சீராக விழுந்திருந்தால் அது சுவர் மின்சாரம். உயரமும் இடைவெளியும் தாறுமாறாக இருந்தால் தசை நடுக்கம். நோயாளிக்குக் குளிர்கிறதா என்று கேட்டு ஒரு போர்வை கொடுங்கள். கோடு மெதுவாக ஏறி இறங்கினால் மூச்சோ, தளர்ந்த எலக்ட்ரோடோ (தோலில் ஒட்டும் ஜெல் வில்லை) காரணமாக இருக்கலாம்.

சுவர் மின்சாரம் உடம்புக்குள் எப்படி வருகிறது? கம்பி எதுவும் தொட வேண்டியதில்லை. சுற்றியுள்ள வயர்களின் மின்புலம் உடம்பில் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. இதயத்திலிருந்து தோலுக்கு வந்து சேர்வதோ சுமார் 1 மில்லிவோல்ட். இருந்தும் மானிட்டர் அதைப் பிரித்துக் காட்டுகிறதென்றால், அது தராசு போல வேலை செய்வதுதான் காரணம். இரண்டு தட்டிலும் ஒரே எடை ஏறினால் முள் அசையாது. இரண்டு எலக்ட்ரோடுகளிலும் சமமாக வரும் இரைச்சல் அப்படியே கழிந்துபோகும். ஒரு எலக்ட்ரோடில் ஜெல் காய்ந்துவிட்டால் அந்தச் சமநிலை குலைகிறது. மிஞ்சும் இரைச்சல் கோட்டில் ஏறிக்கொள்கிறது.

எந்த எலக்ட்ரோடு என்று கண்டுபிடிக்க அழகான வழி ஒன்று உண்டு. நம் மருத்துவமனைகளில் பரவலாக உள்ள நிற முறைப்படி சிவப்பு வலக்கை, மஞ்சள் இடக்கை, பச்சை இடக்கால், கறுப்பு வலக்கால். லீட் என்பது இரண்டு எலக்ட்ரோடுகளுக்கு இடையே எடுக்கும் கோடு: லீட் 1 சிவப்புக்கும் மஞ்சளுக்கும், 2 சிவப்புக்கும் பச்சைக்கும், 3 மஞ்சளுக்கும் பச்சைக்கும் இடையே. ஆகவே லீட் 1, 2 இரண்டும் கலங்கி, 3 தெளிவாக இருந்தால் கோளாறு சிவப்பில். 1, 3 கலங்கினால் மஞ்சளில். 2, 3 கலங்கினால் பச்சையில். மூன்றுமே கலங்கினால் கறுப்பைப் பாருங்கள். சந்தேகப்பட்டதைக் கழற்றி, முடி இருந்தால் நீக்கி, சோப்பு நீர்த் துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, காஸ் துணியால் லேசாகத் தேய்த்துப் புதியதை ஒட்டுங்கள். பிரித்து வைத்துப் பல நாளான பாக்கெட்டிலிருந்து எடுக்காதீர்கள், ஜெல் காய்ந்திருக்கும். லீட் வயர் கிளிப்புக்கு அருகில் உள்ளே அறுந்திருக்கிறதா என்று வளைத்தும் பாருங்கள்.

இத்தனையும் செய்தும் போகாமல், நோயாளி மாறினாலும் அதே படுக்கையில் வருகிறதென்றால், சிக்கல் படுக்கையைச் சுற்றி இருக்கிறது. நான் பார்த்த ஒரு இடத்தில் இதே கதைதான். மானிட்டர், கேபிள் எல்லாம் மாற்றி ஒரு வாரம் ஓடிவிட்டது. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, உயிர்காக்கும் கருவிகளைத் தொடாமல், மற்றவற்றின் பிளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். மோட்டார் கட்டிலின் பிளக்கை உருவியதும் கோடு கத்தியால் சீவியது போலத் தெளிந்தது. பிளக்கைத் திருப்பிப் பார்த்தால், மேலே இருக்க வேண்டிய தடித்த எர்த் முனை அடியோடு வெட்டப்பட்டிருந்தது. பழைய இரண்டு துளை ஜங்ஷன் பாக்ஸில் செருகுவதற்காக யாரோ செய்த வேலை. மீண்டும் செருகி, கட்டிலின் இரும்புச் சட்டத்துக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தேன். 100 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அந்தச் சட்டத்தின் மேல்தான் ஒரு மனிதர் படுத்திருந்தார்.

அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது, சொல்லிவிடுகிறேன். இதயத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள கருவிகளுக்கு ஐஇசி 60601 என்ற சர்வதேச மருத்துவக் கருவிப் பாதுகாப்புத் தரம் விதித்த மின்கசிவு வரம்பு, இயல்பு நிலையில் 10 மைக்ரோ ஆம்பியர். ஒரு ஆம்பியரில் லட்சத்தில் ஒரு பங்கு. பேஸ்மேக்கர் கம்பி இதயம்வரை போயிருக்கும் நோயாளிக்குத் தோல் என்ற காப்பு இல்லை. அன்று கோட்டில் தெரிந்த அந்தத் தடிப்புதான், எர்த் இல்லை என்று ஒரு வாரமாக எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது. ஃபில்டரைப் போட்டு அதன் வாயை மூடியிருந்தோம்.

ஃபில்டரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 0.5 முதல் 40 ஹெர்ட்ஸ்வரை மட்டும் விடும் மானிட்டர் அமைப்பு, துடிப்பை எண்ணப் போதும். ஆனால் அதில் கியூஆர்எஸ் (ஒவ்வொரு துடிப்பிலும் எழும் கூரான அலை) முனை மழுங்கும், அதை அடுத்து வரும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கப் பார்க்கும் எஸ்டி பகுதி உருமாறலாம். நெஞ்சுவலி நோயாளிக்கு அதை வைத்து முடிவெடுக்காமல் முழு இசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் படுக்கைக்கு வருவோம். கட்டிலின் பிளக்கை, அதைச் செருகியிருக்கும் ஜங்ஷன் பாக்ஸை இன்றே பார்க்கச் சொல்லுங்கள். முனை நன்றாக இருந்தாலும் சுவருக்குள் எர்த் வயர் கழன்றிருக்கலாம்; அதை எலக்ட்ரீஷியன்தான் சோதிக்க வேண்டும். அதுவரை நோயாளியை வேறு படுக்கைக்கு மாற்றக் கேளுங்கள். பழுது என்று ஒரு அட்டை எழுதிக் கட்டிலில் மாட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் இரவுப் பணிக்கு வருபவர்கள் அதிலேயே இன்னொருவரைப் படுக்கவைத்துவிடுவார்கள்.