பந்திய வெட்டாதீங்க

வணக்கங்க. ஐப்பசி அடமழை நம்ம டெல்டாவுல பயிருக்கு நல்லது, ஆனா பீரோவுல கெடக்குற பழைய வீடியோ கேசட்டுக்கு எமன். ஈரம் எறங்கிச்சுன்னா டேப் சுருள் ஓரத்துல பூசணம் புடிச்சுரும், கேசட்டுல சின்ன ஜன்னல் இருக்குல்ல, அது வழியா பாத்தா மாவு தூவுன மாதிரி தெரியும். அப்படி இருந்தா தயவுசெஞ்சு டெக்ல, அதாங்க கேசட் ஓட்டுற வீசிஆர்ல, போட்டுப் பாத்துராதீங்க, பூசணம் டேப்பப் படிக்கிற ஹெட்ல ஒட்டிக்கிட்டு அடுத்து போடுற நல்ல கேசட்டையும் கெடுத்துரும். சுத்தம் பண்ணத் தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க.

நல்ல கேசட்டுன்னா அத கம்ப்யூட்டர்ல ஏத்துற வேலை சுலபம். டெக்குக்குப் பின்னாடி ஒயர் சொருகுற எடத்துல மஞ்சள்ல படம், வெள்ளையிலயும் சிவப்புலயும் சத்தம், நடுவுல அந்தப் படத்தையும் சத்தத்தையும் கம்ப்யூட்டருக்குப் புரியிற மாதிரி மாத்துற ஒரு கேப்சர் டிவைஸ், அதுலேருந்து கம்ப்யூட்டருக்கு யூஎஸ்பி. நம்ம ஊரு கேசட்டுக்கு PALங்கற வீடியோ முறைதான் வைக்கணும், படம் 720க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 படம். மூணு மணி நேர கேசட் ஏற மூணு மணி நேரம் ஆகும், பென்டிரைவ்ல காப்பி பண்ற மாதிரி கெடையாது.

மன்னார்குடி பக்கம் ஒரு வீட்டுல 1992 கல்யாண கேசட் குடுத்தாங்க. பேரன் சொன்னான், "தாலி கட்டுறது மட்டும் போதும்ணே, பந்தியெல்லாம் வெட்டிருங்க." நான் முழுசாத்தான் ஏத்துனேன். பந்தியில கேமரா எலை எலையா நகந்து வருது, கடைசி எலையில அவன் அப்பாயி, லைட் கண்ணு கூசுதுன்னு கைய நெத்தியில வச்சுக்கிட்டு, "மொதல்ல புள்ளைங்களுக்கு வைய்யா"ன்னு பரிமாறுறவர்கிட்ட சொல்லுது. வீட்டுல அப்பாயி போட்டோ ரெண்டு இருந்துச்சு, குரல் எங்கயும் இல்ல. பையனோட அப்பா தோள் துண்ட வாயில பொத்திக்கிட்டு நின்னாரு, நாலு தடவ திருப்பித் திருப்பி போடச் சொன்னாரு, அந்த ஒரே ஒரு வரிய.

அதனாலதான் சொல்றேன், மொதல்ல முழுசா ஏத்துங்க. வெட்டுறது, ஒட்டுறது, பாட்டு சேக்குறது எல்லாம் பெறகு, அதுவும் காப்பியிலதான். முழுசா ஏத்துங்க.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாச்சுன்னு கை காட்டுறாங்க. எடிட்டிங் பத்தி ரெண்டே விஷயம்: DV, அதாவது டிஜிட்டல் வீடியோ ஃபார்மேட்ல ஏத்துனா மணிக்கு 13 ஜிபி கிட்ட எடம் வேணும். ஆள் அசையும்போது சீப்புப் பல்லு மாதிரி கோடு விழுந்தா எடிட்டிங் சாஃப்ட்வேர்ல அந்தக் கோட்ட எடுக்குற டீஇன்டர்லேஸ் போடுங்க. அப்புறம், வீசிஆர் செஞ்சுக்கிட்டிருந்த கடைசி கம்பெனி, ஜப்பான்ல பூனாய், அவங்களும் 2016 ஜூலையோட நிறுத்திட்டாங்க. ஓடுற டெக் வீட்டுல இருந்தா காயலான் கடைக்குப் போட்டுராதீங்க. வரேங்க, வணக்கம்.